பயணத் துணை: கப்பலுக்கு ஏற்ற சக்கர நாற்காலி



கடலைக் காணாமலே முதுமை எய்தியவர்கள் நம் நந்திதுர்க் லைன் வீடுகளில் பலர் உண்டு. பூமிக்கடியில் நாளைக் கழித்த அவர்களைக் கடலின்மேல் ஒருமுறையேனும் அழைத்துச் செல்ல வேண்டும் என்று வெளியூரிலும் வெளிநாட்டிலும் பொருளீட்டும் பிள்ளைகள் விரும்புவது இயல்பே. 2022 ஜூன் திங்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பற் பயணம் தொடங்கிற்று. 2023 ஜூனில் அக்கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளுக்கும் சென்று வந்தது. ஆகவே கப்பலேறுதல் இனிச் செல்வர்க்கே உரிய கனவன்று.

பணம் சேர்ந்துவிடுகிறது, நாளும் குறிக்கப்படுகிறது. அப்போதுதான், நடக்கவியலாத தந்தையை என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. சில வீடுகளில், “அவர் வீட்டோடு இருக்கட்டும்” என்று முடிவு செய்கின்றனர். வேறு சில வீடுகளில், விலை மிகுந்த மின்விசை நாற்காலியை வாங்கிக் கொண்டுவந்து நிறுத்துகின்றனர். முன்னது அன்பின்மை, பின்னது ஆராயாத அன்பு. இரண்டிலும், நாற்காலியில் அமரப்போகும் பெரியவரை ஒரு சொல் கேட்டவர் இல்லை. இதுபற்றியே இத்திங்கள் எழுத விழைகிறோம்.

சக்கர நாற்காலி நம்மூருக்கு அயலான பொருளன்று என்பதை முதலில் கூறவேண்டும். இன்று உலகெங்கும் காணும் மடக்கு நாற்காலி தோன்றக் காரணமானவர் ஒரு சுரங்கப் பொறியாளரே. ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்னும் அமெரிக்கர் 1918இல் சுரங்க விபத்தொன்றில் முதுகெலும்பு முறிந்து கால்களின் இயக்கத்தை இழந்தார். அந்நாளைய நாற்காலிகள் கனத்தவை, மடங்காதவை, மோட்டார் வண்டியில் ஏற்றிச் செல்ல இயலாதவை. அவருடைய நண்பரும் இயந்திரப் பொறியாளருமான ஹாரி ஜென்னிங்ஸ், 1930களின் தொடக்கத்தில், எஃகுக் குழாய்களைக் குறுக்குக் கத்தரிபோல் பொருத்தி, மடித்து எடுத்துச் செல்லத்தக்க நாற்காலியை அவருக்கெனச் செய்தார். சுரங்கத்தால் முடங்கிய ஒருவர் வீட்டுக்குள் அடைந்திருக்க மறுத்ததன் விளைவு அது. பாறை வெடிப்புகளையும் சிலிக்காத் தூசு நோயையும் கண்ட நம் மக்கள் அந்நாற்காலியில் அமர நாணுவதற்கு என்ன இருக்கிறது?

“நான் முடவனா? வீட்டுக்குள் நடக்கிறேனே!” என்று சில பெரியவர்கள் சினப்பதுண்டு. உண்மைதான், பத்தடி நடப்பார்கள். நுரையீரல் தளர்ந்தவருக்கு நூறடி நடப்பது மலையேறுவது போன்றது. சென்னையிலிருந்து சென்ற அக்கப்பலின் நீளம் 200 மீட்டருக்கு மேல். அறையிலிருந்து உணவுக் கூடத்துக்கு மும்முறை சென்று மீள்வது நம் லைன்களைச் சுற்றிவருவதற்கு ஒப்பாகும். கண்ணாடி அணிந்தவரை எவரும் குருடர் என்பதில்லை. நாற்காலியும் அத்தகையதே. நடக்க வேண்டிய தூரத்துக்கு அது துணை. நடையை நிறுத்தும் விலங்கன்று.

இனித் தேர்வுக்கு வருவோம். விலைப்பட்டியலைப் பார்க்குமுன் அளவுநாடாவை எடுங்கள். பெரியவரை நேராக அமர்த்தி இடுப்பின் அகலத்தை அளந்து, இருபுறமும் விரலளவு இடம் சேர்த்தால் இருக்கையின் அகலம் கிடைக்கும். பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதில் சுமார் 2 அங்குலம் குறைத்தால் இருக்கையின் ஆழம். கால் பலகை தரையினின்று 2 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் வாயிற்படியில் இடிக்கும். அகன்ற இருக்கை வசதி என்று எண்ணாதீர்கள். அதில் உடல் ஒருபக்கம் சாய்ந்து, முதுகு நோகும்.

அடுத்து அளக்க வேண்டியது வழியிலுள்ள மிகக் குறுகிய வாயில். இதனை மறப்பவர்களே மிகுதி. கையால் உருட்டும் பெருஞ்சக்கர நாற்காலியின் மொத்த அகலம், இருக்கையின் அகலத்தைவிட ஏறக்குறைய 8 அங்குலம் கூடுதலாக இருக்கும். 18 அங்குல இருக்கையென்றால் மொத்தம் 26 அங்குலம். உல்லாசக் கப்பல்களின் சாதாரண அறைகளுக்கு 22 முதல் 24 அங்குல வாயில்களே பெரும்பாலும் உள்ளன. ஆகவே நாற்காலி வெளியே நிற்கும். பெரியவர் உள்ளே கிடப்பார். நடைவழியில் நாற்காலியை விட்டுவைக்கவும் கப்பலில் இசையமாட்டார்கள். தீ விபத்து நேரின் அது பிறர்க்கு இடையூறு. சக்கர நாற்காலிக்கென அமைந்த அறைகளின் வாயில் 32 அங்குல அளவில் இருக்கும். குளியலறையில் கைப்பிடியும் உண்டு. அவை சிலவே என்பதால் முதலில் நிரம்பிவிடும். சீட்டு எடுக்கும்போதே வாயிலின் அகலத்தையும் குளியலறைப் படியின் உயரத்தையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

நாற்காலிகள் மூவகை. தள்ளுபவர் துணையோடு செல்லும் சிறுசக்கர நாற்காலி 10 கிலோ அளவில் கிடைக்கும், குறுகியது, எளிதில் மடங்கும். ஆனால் அதில் அமர்ந்தவர் பிறர் கையை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். கையில் வலிமையுள்ளவருக்குப் பெருஞ்சக்கர நாற்காலியே நன்று; விரும்பியபோது கடலைக் காணத் தாமே மேல்தளத்துக்குச் செல்வார். மின்விசை நாற்காலி தனித்து இயங்க உதவும். எனினும் பல 25 கிலோவுக்கு மேற்பட்டவை. சில துறைகளில் கப்பல் கரையை அணையாது நங்கூரமிட, பயணிகள் சிறு படகில் இறங்குவர். அப்படகில் கனத்த நாற்காலியை ஏற்றமாட்டார்கள். மின்கலத்தின் வகையையும் மின்னேற்றும் ஏற்பாட்டையும் முன்னரே தெரிவிக்கவும் வேண்டும். நம் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் இலகுவான மடக்கு நாற்காலியே பொருத்தம் என்பது நம் கருத்து.

கப்பல் ஆடும், ஆதலின் இருசக்கரத் தடைகளும் உறுதியாகப் பிடிக்க வேண்டும். காற்றடிக்கும் சக்கரத்தைவிடத் திண்ணிய ரப்பர்ச் சக்கரம் பயணத்துக்கு ஏற்றது, பஞ்சர் ஆகாது. நல்ல மெத்தை ஒன்று கட்டாயம். நெடுநேரம் அசையாது அமர்ந்தால் படுக்கைப்புண் போன்ற புண் தோன்றும். அரைமணிக்கொரு முறை உடலைச் சற்றே உயர்த்தி அமரச் செய்க. ஆபத்து வேளையில் மின்தூக்கி இயங்காதிருக்கலாம். எனவே கப்பலேறியதும், இவருக்குத் துணை தேவை என்பதைப் பணியாளரிடம் பதிவு செய்வது முதற் கடமை. கப்பலில் நாற்காலி தருவார்கள் என்று நம்பி வெறுங்கையோடு செல்ல வேண்டா. அவை பெரும்பாலும் ஏறி இறங்கவும் அவசரத்துக்குமே.

கடலுக்கு முன் இரயில் இருக்கிறது. இரயில்வே எழுத்தர் என்ற முறையில் சில சொல்வோம். பெரிய நிலையங்களில் சக்கர நாற்காலி கட்டணமின்றிக் கிடைக்கும். ஆனால் அது நடைமேடையோடு நின்றுவிடும். மாரிக்குப்பத்திலோ உரிகத்திலோ ஏறும்போது வண்டிப் படிகளில் தூக்கிவிட இருவர் வேண்டும். துணையின்றிப் பயணம் செய்யவியலாத உடல் ஊனமுற்றவர்க்கும் உடன் செல்லும் ஒருவர்க்கும், இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வசதி வகுப்பிலும் கட்டணத்தில் நூற்றுக்கு 75 சலுகை உண்டு. அதற்கு முறையான மருத்துவச் சான்று தேவை. முதியோர் என்பதற்காக மட்டும் அளிக்கப்பட்ட சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதை நினைவிற் கொள்க.

வாங்கப் பொருள் இல்லையே என்று கலங்குவோர்க்கும் வழியுண்டு. 1972இல் நிறுவப்பெற்ற கான்பூர் அலிம்கோ அரசு நிறுவனம் நாற்காலிகள் செய்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோர்க்கு இத்தகைய கருவிகளை வழங்க நடுவணரசு 2017இல் தனித் திட்டம் தொடங்கியது. உடலளவுக்கேற்ப அமைக்கும் நாற்காலியைச் சென்னை ஐ.ஐ.டி.யில் தோன்றிய குழுவினர் 2020இல் வெளியிட்டனர்.

நாற்காலி வந்ததும் அதைப் பயண நாள் வரை மூலையில் சார்த்தி வைக்காதீர்கள். ஒரு திங்களுக்கு முன்பே கடைத்தெருவுக்கும் உறவினர் வீட்டுக்கும் அதில் சென்று வரட்டும். எங்கே நோகிறது, எங்கே சிக்குகிறது என்பதைப் பெரியவரே சொல்லட்டும். மகனுக்குப் பிடித்த நாற்காலி, கடைக்காரர் புகழ்ந்த நாற்காலி என்பனவெல்லாம் பின்னர். அமர்பவருக்குப் பொருந்தியதே நல்ல நாற்காலி. தந்தையை அறையில் விட்டுவிட்டுப் பிள்ளைகள் மட்டும் கரையிறங்கிப் படம் எடுத்து வந்தால், அவர் கப்பலேறியும் கடலைக் காணாதவரே ஆவார்.

அடுத்த திங்கள், இரயில்வேச் சலுகைச் சான்றினைப் பெறும் முறையை விரித்துரைப்போம்.