ஓடுகிற சர்வரைத் தொடாதே?

"நல்லாத்தானே சார் ஓடிட்டிருக்கு, அதைப் போய் எதுக்குத் தொடணும்?" சித்தூர், திருப்பதிப் பக்கம் சர்வர் பராமரிப்புக்குப் போகிறவர்கள் இதைக் கேட்காத வாரம் இருக்காது. மாங்கூழ் ஆலையின் கணக்குப் பிரிவில் கேட்பார்கள், லாட்ஜ் வரவேற்பு மேசையில் கேட்பார்கள், கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேட்பார்கள். கேட்பது கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரு கொள்கை. ஓடும்வரை கிட்டே போகாதே, நின்றால் பார்த்துக்கொள்ளலாம். அதற்குத் துணையாக நான்கைந்து வாதங்களும் தயாராக இருக்கும்.

ஓடுகிறது என்றால் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்பது முதல் வாதம்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் முதலில் வெளியே தெரிந்த பாதிப்புகளில் ஆந்திரக் காவல்துறையுடையதும் ஒன்று. சித்தூர், கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களின் காவல் பிரிவுகளில் கணினிகள் பூட்டிக்கொண்டன. அடுத்த சில நாட்களில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவும் அகப்பட்டதாகச் செய்தி வந்தது. பக்தர்களுக்கான சேவைகள் தப்பின. கோப்புகளைத் திறந்துவிட அந்த நிரல் கேட்ட கப்பம் 300 டாலர். சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டும் 300தான், ரூபாயில். ஊர்க்காரர்கள் இந்தப் பொருத்தத்தைச் சொல்லிச் சிரிக்காமல் விட்டிருக்க மாட்டார்கள்.

அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் 59 நாள். பேட்ச் போடாத ஒவ்வொரு கணினியும் அந்த 59 நாளும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அழகாக. பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளின் கதை இன்னும் மோசம். அவற்றுக்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. மூன்று வருடமாக யாரும் கதவைச் சாத்தவில்லை, திருடன் அன்றுதான் வந்தான்.

மார்ச் 14 ஒரு செவ்வாய்க்கிழமை. 2003 முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாயில் பேட்ச் வெளியிடுவது மைக்ரோசாஃப்டின் வழக்கம். திருமலையிலும் ஒரு செவ்வாய் வழக்கம் உண்டு. உகாதி, ஆனிவார ஆஸ்தானம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகிய நான்குக்கும் முன்னால் ஒரு செவ்வாயன்று கோயில் ஆழ்வார் திருமஞ்சனம் நடக்கும். மூலவரைத் துணியால் மூடிவிட்டு, ஆனந்த நிலையம் தொடங்கி பங்காரு வாகிலி, உப சன்னதிகள், சுவர், தூண், மேற்கூரை என்று எல்லாவற்றையும் கழுவுவார்கள். பிறகு நாமக்கட்டி, திருச்சூரணம், கஸ்தூரி மஞ்சள், பச்சைக் கற்பூரம் கலந்த பரிமளத்தைப் பூசுவார்கள். காலையில் சில மணி நேரம் தரிசனம் நிற்கும். அதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். கோயில் அழுக்காகிவிட்டது என்று யாரோ புகார் கொடுத்து இது நடப்பதில்லை. கூட்டம் வரப்போகிறது, அதற்குள் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அந்த 59 நாளுக்குள்தான் உகாதியும் வந்துபோனது. மலைமேல் கோயிலுக்குத் திருமஞ்சனம் ஆயிற்று. கீழே எத்தனையோ கணினிகளுக்கு ஆகவில்லை.

தொட்டால்தான் கெடுகிறது என்பது இரண்டாவது வாதம். இதை லேசாக ஒதுக்க முடியாது, ஏனென்றால் இதில் பாதி உண்மை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஆறு மணி நேரம்போலப் படுத்துவிட்டன. காரணம், வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆனால் இவை சொல்லும் பாடம் எப்படித் தொடுவது என்பதைப் பற்றியது. கிரவுட்ஸ்ட்ரைக் அந்தக் கோப்பை முதலில் கொஞ்சம் கணினிகளில் போட்டுப் பார்க்காமல் ஒரே வீச்சில் எல்லோருக்கும் அனுப்பியதுதான் வினை. மறுபடியும் மலைக்கே போகலாம். 12 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அஷ்டபந்தன மகா சம்ப்ரோட்சணம் 2018 ஆகஸ்டில் நடந்தது. கருவறைக்குள் வேலை நடக்க வேண்டும், வழிபாடும் நிற்கக்கூடாது. அதற்கு ஆகமம் வைத்திருக்கும் ஏற்பாடு பாலாலயம்: தெய்வ சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து அங்கே பூஜையைத் தொடர்வது. வேலை முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்புவது. மாற்று சர்வருக்குச் சுமையை மாற்றிவிட்டு மூல சர்வரைத் திறப்பவர்கள் செய்வதும் இதே வரிசையில்தான். அந்த ஆகஸ்டில் முதலில் தரிசனமே கிடையாது என்று அறிவித்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் குறைந்த எண்ணிக்கையில் பக்தர்களை விட்டார்கள். பேரம் நேரத்தைப் பற்றித்தான் நடந்தது. வேலையைக் கைவிடவில்லை.

மூன்றாவது, கிளவுடுக்குப் போய்விட்டோம், இனி எல்லாம் அவர்கள் பாடு. இதற்கு நீளமான பதில் தேவையில்லை. வாடகைச் சர்வரில் கட்டடமும் மின்சாரமும் வன்பொருளும் அவர்கள் பாடு. உள்ளே ஓடும் இயங்குதளத்தின் பேட்ச், நிரம்பிக்கொண்டே போகும் லாக் கோப்பு, காலாவதியாகும் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் உங்கள் பாடு. வீட்டுக்காரர் கூரை ஒழுகினால் பார்ப்பார். அடுப்படியைத் துடைக்க வரமாட்டார்.

நான்காவதாக, பராமரிப்பு வேலையை ராத்திரி ரெண்டு மணிக்குப் போட்டுவிட்டால் போதும் என்பார்கள். எந்த ரெண்டு மணி? பெரும்பாலான கிளவுட் சர்வர்களின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அந்தக் கடிகாரத்தில் ரெண்டு மணி என்று, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் க்ரானில் எழுதினால் இங்கே காலை ஏழரைக்கு ஓடும். நாலரை என்று எழுதினால் சரியாகக் காலை பத்து மணிக்கு ஓடும். அண்மை ஆண்டுகளில் 300 ரூபாய் தரிசன ஒதுக்கீடு வழக்கமாக மாதத்தின் 24ஆம் தேதி காலை பத்து மணிக்குத்தான் திறக்கிறது. அதே மணிக்கு அறை முன்பதிவு வாங்கும் ஒரு திருப்பதி லாட்ஜின் சர்வரில் முழு பேக்கப் தொடங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சித்தூர் அலுவலகங்களில் இன்னொரு கூத்து உண்டு. ராத்திரி எட்டு மணிக்குக் காவலாளி மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவார். ரெண்டு மணி வேலை ஒருநாளும் நடந்திருக்காது. க்ரான் தவறவிட்டதைத் திரும்பச் செய்யாது, அதற்கு அனாக்ரான் போன்ற ஒன்று வேண்டும். இயந்திரம் எப்போது உயிரோடு இருக்கும் என்பதைச் சாவி வைத்திருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நேரம் குறிக்க வேண்டும்.

கடைசி வாதம்தான் எனக்கு மிகவும் பயம் தருவது. பேக்கப் தினமும் ஓடுகிறது, ஏதாவது ஆனால் மெயில் வந்துவிடும். கிட்லாப் நிறுவனத்தாரும் இப்படித்தான் நம்பியிருந்தார்கள். 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் கிடங்கு காலி. மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொன்ன மெயில்களையும் அஞ்சல் அமைப்பு நிராகரித்துவிட்டது. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது. மெயில் வரவில்லை என்றால் எல்லாம் சரி என்று கொள்ளலாம், மெயில் அனுப்புவதே செத்துப் போயிருக்கிறது என்றும் கொள்ளலாம். எது என்று தெரிய மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பழைய பேக்கப் ஒன்றை வேறு கணினியில் விரித்துப் போட்டு, போன மாதக் கணக்கு திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது என்பார்கள். நாட்காட்டியைப் பார்த்தால் கிடைக்கிறது. இரண்டாம் செவ்வாய் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் நடுவில்தான் விழும். பேட்ச் வெளியாகும் அமெரிக்க மேற்குக் கரையின் காலை பத்து மணி இங்கே இரவு பத்தரையோ பதினொன்றரையோ ஆகிவிடுவதால் நமக்கு வேலை புதன்கிழமைதான். திருமலை ஆர்ஜித சேவைக் குலுக்கல் பதிவு வழக்கமாக 18ஆம் தேதி தொடங்குகிறது. அதற்குள் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், செவ்வாய் எவ்வளவு தள்ளி விழுந்தாலும் நடுவில் மூன்று நாள் முழுசாகக் கையில் இருக்கும். புதன் ஒரு கணினி, வியாழன் பார்த்திருப்பது, வெள்ளி மற்றவை.