வேலியோரத்து எருக்கு

போன மாதம் எங்கள் வீட்டில் ஓர் எருக்கஞ்செடிக்காகப் பெரிய யுத்தமே நடந்தது!

நெய்வேலி வட்டங்களில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டைச் சுற்றித் தாராளமாக இடம் உண்டு. மா, முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் நாமாக வைப்பவை. எருக்கு மட்டும் யாரையும் கேட்காமல் வேலியோரத்தில் தானாக முளைத்துவிடும். என் வீட்டுக்காரர் அரிவாளும் கையுமாகக் கிளம்பினார்.

"பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலையைக் கடையில் வாங்கிக்கொள். குழந்தையின் கண்ணில் பால் பட்டால் யார் பதில் சொல்வது?" என்றார்.

நியாயந்தானே? எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வை மங்கிவிடும். நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் எங்கள் பெண், "அம்மா! இந்தப் புழு சட்டை போட்டிருக்கு!" என்று கூவினாள்.

போய்ப் பார்த்தால், கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி வரியாய் ஒரு புழு. முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகள் வேறு! வெந்தய வரியன் என்கிற வண்ணத்துப்பூச்சியின் குழந்தை அது. மற்ற ஜந்துக்கள் எட்டிப் பார்க்கவும் அஞ்சுகிற எருக்கிலையைத்தான் அது மென்றுகொண்டிருந்தது.

இதற்குச் சீமையில் ஒன்றுவிட்ட அக்காள் ஒருத்தி உண்டு. மொனார்க், அதாவது மன்னர் என்று பெயர். அவளும் பால் வடிகிற செடியைத் தின்றே வளர்கிறாள். அந்தப் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. எருக்கிலும் அதே வகை நஞ்சுதான். 1960களில் லிங்கன் பிரவர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, இப்படி வளர்ந்த மொனார்க்கை ஒரு நீலப் பறவைக்குத் தின்னக் கொடுத்தார். சற்று நேரத்தில் பறவை குடல் புரள வாந்தி எடுத்தது. பிறகு அந்த ஆரஞ்சு நிறத்தைக் கண்டாலே அது ஒதுங்கிப் போயிற்று!

நம் வெந்தய வரியனைப் பார்த்து வேஷம் போடுகிறவளும் உண்டு. வேறு இனத்துப் பூச்சி. அதிலும் பெண் மட்டுமே அச்சாக இதே புடவையைக் கட்டிக்கொள்வாள். ஆண் கறுப்புச் சட்டையில் பெரிய வெள்ளைப் பொட்டு வைத்துக்கொண்டு திரிவான். முட்டை சுமக்கிறவளுக்குத்தானே பாதுகாப்பு வேண்டும்?

மொனார்க்கின் பெருமை அதன் பயணம். எடை அரை கிராம். கனடாவிலிருந்து மெக்சிகோ வரை 4000 கிலோமீட்டர் பறக்கும்! அது எங்கே போய்க் குளிர்காலத்தைக் கழிக்கிறது என்று கண்டுபிடிக்க, கனடாவில் பிரெட் உர்கர்ட்டும் அவர் மனைவி நோராவும் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். இறக்கையில் சின்னச் சீட்டு ஒட்டிப் பறக்கவிடுவார்கள். கடைசியில் நோரா மெக்சிகோ பத்திரிகைகளுக்கு எழுதி உதவி கேட்டாள். 1975 ஜனவரியில் கென் பிரக்கரும் அந்நாட்டுப் பெண்ணான காத்தலீனா அகுவாடோவும் மலைமேல் அந்தக் காட்டைக் கண்டார்கள். மரமே தெரியாமல் கோடிக்கணக்கான வண்ணத்துப்பூச்சிகள்!

இதில் என்னைத் திகைக்க வைப்பது வேறொன்று. வசந்தத்தில் மெக்சிகோவை விட்டு வடக்கே கிளம்புகிறவை வழியிலேயே முட்டையிட்டு இறந்துபோகும். பிள்ளை, பேரன் என்று தலைமுறைகள் ஒவ்வொன்றும் சில வாரங்களே வாழும். இலையுதிர் காலத்தில் தெற்கே திரும்புவது கொள்ளுப்பேத்தி. அவள் மட்டும் எட்டு மாதம்வரை வாழ்வாள். பாட்டியைப் பார்த்ததில்லை, பாதையைக் கேட்டதில்லை, அதே காட்டுக்குப் போய்ச் சேருகிறாள்! வழிகாட்டி சூரியன்தான். சூரியன் நகர நகரக் கணக்கைத் திருத்திக்கொள்ளும் கடிகாரம் அவளுடைய உணர்கொம்பில் இருக்கிறது. 2009இல் அந்தக் கொம்புக்குக் கறுப்புச் சாயம் பூசிப் பார்த்தார்கள். திசை தவறிவிட்டது. நிறமற்ற சாயம் பூசியபோது தவறவில்லை.

நம் ஊரிலும் யாத்திரைக்காரர்கள் உண்டு. நீல வரியனும் அதன் சொந்தக்காரர்களும் கோடையில், தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுக் கூட்டங்கூட்டமாகக் கிழக்கே வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை வாக்கில் திரும்பிப் போகின்றன. கிருஷ்ணமேக் குண்டே என்ற ஆராய்ச்சியாளர் இதைக் கவனித்து 2005இல் எழுதியிருக்கிறார். மெக்சிகோவில்போலச் சீட்டு ஒட்டித் தொடர்ந்த வேலை இங்கே குறைவு. ஆகவே அடுத்த முறை மொட்டை மாடியில் வடாம் காயப்போடும்போது கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். எந்தத் திசையில் போகின்றன என்று குறித்துவைத்தால்கூடப் பிரயோசனம் உண்டு.

எங்கள் யுத்தம் சமாதானத்தில் முடிந்தது. குழந்தை விளையாடும் பக்கத்துச் செடி போயிற்று. தெருப் பக்கத்துச் செடி தங்கிற்று. அதைத் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கழுவாத கையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது என்று பெண்ணுக்குக் கண்டிப்பான உத்தரவு. பூச்சிமருந்துப் புட்டி பரணுக்குப் போய்விட்டது.

இன்று காலை பல் துலக்கப் போன என் வீட்டுக்காரரை வெகுநேரமாகக் காணோம். வேலியோரத்தில் குனிந்துகொண்டிருந்தார்.

"சத்தம் போடாதே, இங்கே வா!" என்றார்.

இலையின் அடியில் பச்சைத் தோடுபோல ஒரு கூடு தொங்கியது, ஓரத்தில் தங்கப் பொட்டுகளோடு.