எந்தச் சொல் பொருந்தும்?

கோடிட்ட இடத்தை நிரப்புக என்னும் வினாவைக் கண்டதும், மாணவர் பலர் அகராதியில் மிக அரிய சொல்லைத் தேடத் தொடங்குகின்றனர். அரிய சொல்லே உயர்ந்த சொல் என்னும் எண்ணம் எவ்வாறோ வகுப்பறைகளில் வேரூன்றிவிட்டது. கடினமான சொல்லைக் கண்டதும் மகிழ்ந்து மதிப்பெண் வழங்கும் ஆசிரியர்களும் உளர். இவ்வழக்கம் மாற வேண்டும் என்பது என் கருத்து.

‘மாம்பழத்தை உண்டேன்’ என எழுத வேண்டிய இடத்தில் ஒருவர் ‘மாம்பழத்தை நுகர்ந்தேன்’ என எழுதுவதாகக் கொள்வோம். நுகர்தலுக்குத் துய்த்தல் என்னும் பொருள் உண்டு. அகராதி பொய் கூறவில்லை. ஆயினும், அவர் பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டார் என்றுதான் படிப்பவர் எண்ணுவார்! இன்பத்தை நுகரலாம், பொருள்களை விலைக்கு வாங்கிப் பயன்படுத்துவோரை நுகர்வோர் எனலாம். மாம்பழத்திற்கு உண்ணுதலோ தின்னுதலோ போதும்.

பிறமொழி வழங்கும் ஊர்களில் வளரும் உங்களுக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. வட இந்தியப் பூங்காக்களில் ‘பூல் தோட்னா மனா ஹை’ என்னும் அறிவிப்பைக் கண்டிருப்பீர்கள். இந்தியில் ‘தோட்னா’ என்னும் ஒரே வினை கண்ணாடிக்கும் கிளைக்கும் கயிற்றுக்கும் பூவுக்கும் பொதுவாக நிற்கிறது. தமிழிலோ கண்ணாடியை உடைக்கிறோம், கிளையை ஒடிக்கிறோம், கயிற்றை அறுக்கிறோம், பூவைப் பறிக்கிறோம். ‘பூவை உடைக்காதீர்’ என எழுதினால் பூ கல்லாகிவிடும். அவ்வாறே, ‘தவாயி கானா’ என்பதை நினைத்துக்கொண்டு ‘மருந்து தின்றேன்’ என எழுதுவதும் பொருந்தாது, மருந்தை உட்கொள்கிறோம்.

இதனால் இந்தி சொல்வளம் குன்றிய மொழி என எண்ணிவிட வேண்டா. தமிழில் வெயிலும் அடிக்கிறது, காற்றும் அடிக்கிறது, மணியும் அடிக்கிறது. இம்மூன்றுக்கும் இந்தியில் வெவ்வேறு வினைகள் வேண்டும். எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்பது மொழிக்கு மொழி வேறுபடும்.

வயலுக்கும் தோட்டத்திற்கும் சென்றால் தமிழின் பிரிப்பு இன்னும் நுட்பமாகிறது. நெல்லை அறுப்பர், கரும்பை வெட்டுவர், பருத்தியை எடுப்பர், நிலக்கடலையைப் பிடுங்குவர், கீரையைக் கிள்ளுவர், புளியை உலுக்குவர். ஒவ்வொரு வினையிலும் கை செய்யும் வேலை தெரிகிறது. கிளையை ஆட்டினால் புளி உதிரும். செடியை வேரோடு இழுத்தால்தான் கடலை மண்ணிலிருந்து வெளிவரும். எல்லாவற்றுக்கும் ‘அறுவடை செய்தனர்’ என எழுதினால் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால், அந்தக் கை மறைந்துவிடுகிறது.

ஆளுக்கேற்பவும் சொல் மாறும். ஒன்றை வேண்டுபவர், கொடுப்பவரினும் தாழ்ந்தவராயின் ‘ஈ’ என்றும், ஒத்தவராயின் ‘தா’ என்றும், உயர்ந்தவராயின் ‘கொடு’ என்றும் கேட்பர் எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்துள்ளார். வேண்டும் பொருள் ஒன்றே; வேண்டுபவரின் நிலைதான் வேறு. இவ்வேறுபாடு இன்றைய வழக்கில் இல்லை. எனவே, அம்மாவிடம் ‘நீர் ஈ’ என்று கேட்டுவிடாதீர்கள்! இன்று நாம் கருத வேண்டியவை வேறு. பெரியவர் ஒருவரைப் பற்றிய இரங்கல் செய்தியில் ‘காலமானார்’ என்கிறோம். மரம் பட்டுப்போகிறது, பயிர் கருகுகிறது, விளக்கு அணைகிறது. இவற்றை இடம் மாற்றிப் பாருங்கள்; ஒன்றேனும் பொருந்துகிறதா?

அகராதி சொல்லின் பொருளைத் தரும். அச்சொல் எவற்றோடு சேர்ந்து நடக்கும் என்பதை வாக்கியத்தில்தான் காண இயலும். ஆதலால், புதிய சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போது, அது வந்த வாக்கியத்தையும் முழுமையாக எழுதிவையுங்கள். அடுத்த முறை ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் பேசும்போது, முருங்கைக்காயை மரத்திலிருந்து எடுப்பதற்கு என்ன சொல் வழங்குகிறார்கள் என்று கேளுங்கள். தஞ்சையில் ஒரு சொல்லும் நெல்லையில் வேறொரு சொல்லும் கிடைக்கலாம். இரண்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.