பதில் சொல்லாத சர்வரும் மாடியில் காத்திருக்கும் ஊரும்

நீண்ட பதிவு. கணினி வலையமைப்புகளில் ஆர்வம் இல்லாதவர்களும் பொறுமையிருந்தால் வாசிக்கலாம். நிரலைப் பற்றித் தொடங்கினாலும் இது கடற்கரை ஊர்களைப் பற்றிய பதிவு.

ஹைதராபாத்தின் பிரகதி நகரில் ஓர் அரசு வளாகம் இருக்கிறது. இந்தியக் கடல்சார் தகவல் சேவைகளுக்கான தேசிய மையம், சுருக்கமாக இன்காய்ஸ். இந்நகரிலிருந்து கடல் நேர்க்கோட்டில் 250 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆயினும் நாட்டின் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை இங்கிருந்துதான் புறப்படுகிறது. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கு அருகே நிலம் நடுங்கியது. அலை நாகப்பட்டினத்தை வந்தடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் எவருக்கும் எதுவும் சொல்லப்படாமலேயே கழிந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எச்சரிக்கை மையம் 2007 அக்டோபர் 15 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. நான் அங்குப் பணிபுரிபவன் அல்லன். இந்நகரின் ஒரு கல்வி நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்பவன். அம்மையத்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் பொதுவில் உள்ள ஆவணங்களின் வழியேதான். நாகை மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்தவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கீழே வரும் கருத்துகளில் அது கலந்திருக்கும்.

எனது ஆய்வுப் பொருள் ஷெட்யூலர். பல சர்வர்களிடமிருந்து தரவு பெறவேண்டிய ஓர் அமைப்பில் எதனிடம் எப்போது கேட்பது, வந்த பதில்களில் எதை முதலில் கையாள்வது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பவற்றைத் தீர்மானிக்கும் நிரல் அது. ஒவ்வொரு சர்வரிடமும் முறைவைத்து ‘ஏதேனும் உண்டா?’ என்று கேட்டு வருவது பழைய வழி. நாமாகக் கேட்காமல், ஏதேனும் நிகழ்ந்த செய்தி வந்ததும் எழுந்து வேலை செய்வது நிகழ்வுவழி. ஒரே சர்வர் பத்தாயிரம் இணைப்புகளை எவ்வாறு தாங்கும் என்ற கேள்வியை 1999-இல் டான் கெகல் எழுப்பினார். பின்னர் லினக்ஸில் ஈபோல் வசதி சேர்ந்தது. 2004-இல் இகோர் சிசோயேவின் என்ஜின்எக்ஸ் வெளிவந்தது. அதன்பின் நிகழ்வுவழி நாகரிகம் என்றும், முறைவைத்துக் கேட்பது பாமரத்தனம் என்றும் எங்கள் துறையில் ஒரு மனப்பான்மை படிந்துவிட்டது. கருத்தரங்கில் ‘போலிங்’ என்று சொன்னாலே முகஞ்சுளிப்பவர்கள் உண்டு. நானும் சுளித்தவன்தான்.

அந்தச் சுளிப்பை என்னிடமிருந்து நீக்கியது கடல் தரையில் கிடக்கும் ஓர் அழுத்தமானி. தனக்கு மேலுள்ள நீரின் அழுத்தத்தை அளந்து, ஒலி வழியாக மேற்பரப்பு மிதவைக்கு அது தெரிவிக்கிறது; மிதவை செயற்கைக்கோள் வழியே கரைக்கு அனுப்புகிறது. ஆழத்தில் மின்கலத்தை நம்பி வாழும் கருவி ஆதலால் ஒவ்வொரு சொல்லுக்கும் விலை உண்டு. அமெரிக்காவின் டார்ட் மிதவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இயல்பு நிலையில், 15 நிமிட இடைவெளியில் எடுத்த அளவுகள் மட்டும் தொகுப்பாகக் கரைக்கு வரும். ஆனால் கருவி தன்னுள் 15 நொடிக்கு ஒருமுறை அளந்துகொண்டே இருக்கும். கடந்த மூன்று மணி நேர அளவுகளைக் கொண்டு, இந்நொடியில் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணிக்கும். அளந்தது கணித்ததிலிருந்து அடுத்தடுத்து இருமுறை வரம்பை மீறினால் நிகழ்வு நிலைக்குத் தாவும். வட பசிபிக்கில் அந்த வரம்பு வெறும் 3 சென்டிமீட்டர். தாவிய பிறகு முதலில் 15 நொடி அளவுகளும், பின்னர் ஒரு நிமிடச் சராசரிகளும் வந்து குவியும்.

நிகழ்வுவழி வடிவமைப்புக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஆனால் அதை வடிவமைத்தவர்கள் இயல்பு நிலைத் தொகுப்பை நிறுத்தவில்லை. மின்கலம் கரையும் என்று அறிந்தும், எந்தச் செய்தியும் இல்லாத நாள்களிலும் அந்தச் சலிப்பூட்டும் எண்களை அனுப்பச் செய்தார்கள். பின்னால் வந்த தலைமுறை மிதவைகளில், கரையிலிருந்து கட்டளையிட்டு நிகழ்வு நிலைக்கு மாற்றும் வசதியையும் சேர்த்தார்கள். அதாவது கருவி தானாகவும் பேசும், கேட்டாலும் பேசும். இரண்டில் ஒன்று போதும் என்று அவர்கள் எண்ணவில்லை.

நான் எண்ணினேன். கடந்த பருவத்தில் 40 போலி அலைமானி சர்வர்களை ஆய்வகத்தில் ஓடவிட்டு, முழுக்க முழுக்க நிகழ்வுவழி ஷெட்யூலர் ஒன்றை எழுதினேன். நிகழ்வு வந்தால் எழும்; வராவிட்டால் உறங்கும். வரைபடத்தில் சிபியு பயன்பாடு தரையோடு படிந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்திருந்தேன். ஓர் இரவு, அவற்றில் ஏழு சர்வர்களைத் தாங்கிய கணினி மின்சாரம் இழந்து நின்றது. என் நிரலுக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை, வரவும் வராது. மறுமுனை விடைபெறாமல் மடிந்தால், நாம் எதையும் அனுப்பாதவரை டிசிபி இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நமக்குத் தோன்றும். மறுநாள் காலை வரை அந்த ஏழு இடங்களுக்கு நேராகவும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிகழ்வு இல்லை, ஆகவே கடல் அமைதி.

‘கீப்அலைவ்’ என்ற வசதி இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கிறது. லினக்ஸில் அதை நாமே முனைந்து இயக்க வேண்டும். இயக்கினாலும், வேறு எண் கொடுக்காதவரை, இணைப்பு இரண்டு மணி நேரம் அமைதியாக இருந்த பிறகே முதல் சோதனைச் செய்தியை அனுப்பும். இரண்டு மணி நேரம் என்ற எண்ணை ஆவணத்தில் வாசித்தபோது சற்று நேரம் திரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தேன். சுமத்ராவிலிருந்து எங்கள் கரைக்கு அலை வர ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் ஆகும்.

என் வாதம் இதுதான்: நிகழ்வுவழி ஷெட்யூலரில் ‘எதிர்பார்த்த நேரத்தில் எதுவும் வரவில்லை’ என்பதும் ஒரு நிகழ்வாகப் பதிவாக வேண்டும், அதற்கு ‘அமைதி’ என்றல்லாமல் ‘தெரியவில்லை’ என்று பெயரிட வேண்டும். பெரும்பாலான வடிவமைப்புகளில் விடை இரண்டே: வந்தது, வரவில்லை. மூன்றாவது விடையைப் பதிவுக் கோப்பில் ஒரு பிழைவரியாக எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம்.

ஆழிப்பேரலையில் இதைச் செய்வதற்கு இயற்கையே உதவுகிறது. ஆழ்கடலில் அலையின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ஆகவே நிலநடுக்கத்தின் இடமும் நேரமும் தெரிந்தால், எந்த மிதவையை எப்போது அலை கடக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். உயரத்தைக் கணிப்பதுதான் கடினம், நேரத்தை அன்று. நிலநடுக்கச் செய்தி வந்த கணத்திலேயே, ஷெட்யூலர் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு டைமரை வைத்துவிட வேண்டும்: இந்த மிதவை இத்தனை மணிக்கு ஏதேனும் சொல்லியாக வேண்டும். அந்நேரம் கடந்தும் சொல்லாவிட்டால் ஷெட்யூலர் தானே சென்று கேட்க வேண்டும். அப்போதும் பதில் இல்லையென்றால், அந்த ‘தெரியவில்லை’ முடிவெடுப்பவரின் மேசை வரை போய்ச் சேர வேண்டும்.

ஏனெனில் அந்த மேசையில் எடுக்கப்படும் முடிவு இத்தகையது. அலை 60 நிமிடத்துக்குள் எட்டக்கூடிய இடங்களுக்கு நிலநடுக்கத் தகவலை மட்டும் கொண்டே எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. அங்குக் காத்திருக்க நேரமில்லை. தொலைவில் உள்ள கரைகளுக்கோ நீர்மட்ட அளவுகளைப் பார்த்தே நிலையை உயர்த்துவதும் விலக்குவதும் நடக்கின்றன. தமிழகக் கரை சுமத்ராவுக்குத் தொலைவில் உள்ள கரை. ஆகவே நமக்கான எச்சரிக்கையை விலக்கும்போது, ‘அலை எழவில்லை’ என்று மிதவை சொன்னதா, மிதவை எதையுமே சொல்லவில்லையா என்ற வேறுபாட்டின்மீது ஊர்கள் நிற்கின்றன.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் 2.08 மணிக்குச் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவுள்ள நிலநடுக்கம். ஹைதராபாத்திலிருந்து முதல் அறிவிக்கை பத்து நிமிடத்துக்குள் வெளிவந்தது. 2004-ஐ நினைத்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் அப்போது சென்னையில் மாணவன். நெடுநேரம் முயன்று அம்மாவின் அழைப்பு கிடைத்தபோது அவர் அண்டை வீட்டின் மாடியில், தெருவார் பலரோடு நின்றுகொண்டிருந்தார். ‘தம்பி, இறங்கலாமா?’ என்று கேட்டார். தொலைக்காட்சி ஏதோ சொல்கிறது, வானொலி வேறு ஏதோ சொல்கிறது, நீ படித்த பிள்ளை, நீ சொல் என்பது அதன் பொருள். எனக்கும் தெரியவில்லை. ‘கொஞ்சம் பொறுங்கம்மா’ என்றேன். மாலை 4.13 மணிக்கு 8.2 அளவில் மற்றொரு நிலநடுக்கம் வந்தது.

நல்வேளையாக, இரண்டு நடுக்கங்களிலும் தரைத்தட்டு பெரும்பாலும் கிடைமட்டமாக நழுவியது. நீர் பெரிதாக எழவில்லை. ஆனால் ஷெட்யூலர் எழுதுபவர்கள் அந்த இரண்டு மணி ஐந்து நிமிட இடைவெளியை உற்றுநோக்க வேண்டும். முதல் நடுக்கத்தின் அலையை எதிர்பார்த்து வைத்த டைமர்கள் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வேளையில் இரண்டாவது நிகழ்வு வந்துவிடுகிறது. இப்போது ஒரு மிதவை சிறிய ஏற்றம் ஒன்றைக் காட்டினால் அது எந்த நடுக்கத்துக்கு உரியது? போதாக்குறைக்கு, நடுக்கத்தின் அதிர்வே அலைக்கு முன் வந்து அழுத்தமானியை நிகழ்வு நிலைக்குத் தள்ளிவிடக்கூடும். ‘நிகழ்வு நடக்கிறதா’ என்பதை ஒரே கொடியாக, ஆம் அல்லது இல்லை என்று வைத்திருக்கும் நிரல் இங்கே தடுமாறும்: முதல் நிகழ்வை முடித்துக் கொடியை இறக்கும்போது இரண்டாவதையும் சேர்த்து இறக்கிவிடும். ஒவ்வொரு கோரிக்கையும் தான் எந்த நிகழ்வுக்காகப் பிறந்தது என்ற அடையாளத்தைச் சுமந்து செல்ல வேண்டும். என் பழைய நிரலில் கொடி ஒன்றுதான் இருந்தது.

கூட்ட நெரிசலைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அதற்கான மருந்துகளைத் துறை அறியும். ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013-இல் எழுதிய கட்டுரையின் கணக்கு ஒன்று போதும். ஒரு சர்வர் நூற்றில் ஒருமுறைதான் ஒரு நொடிக்கு மேல் தாமதிக்கிறது என்று கொள்வோம். ஒரு விடைக்காக அத்தகைய 100 சர்வர்களைக் கேட்க வேண்டியிருந்தால், நூற்றுக்கு 63 முறை அந்த விடை ஒரு நொடிக்கு மேல் தாமதிக்கும். எல்லாப் பதில்களும் வரட்டும் என்று காத்திருக்கும் நிரல் எப்போதும் காத்துக்கொண்டேதான் இருக்கும். வந்ததை வைத்து முடிவெடுத்து, வராததை வராததாகவே எழுதிக்காட்டும் நிரலே பயன்படும்.

இதற்கு எதிரான வாதங்களையும் மதிக்கிறேன். நலமா என்று அடிக்கடி கேட்டால் மின்கலம் தீரும். கடலுக்குள் சென்று அதை மாற்றக் கப்பல் வேண்டும். அதனால்தான் எல்லா நாளும் ஒரே இடைவெளியில் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அமைதி நாளில் அரிதாகவும், டைமர் ஓடும் வேளையில் நெருக்கமாகவும் கேட்கலாம். இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. ‘தெரியவில்லை’ என்ற விடையை அதிகாரியிடம் கொடுத்தால் அவர் பாதுகாப்பு கருதி எச்சரிக்கையை நீட்டிப்பார். சில முறை வீணாக மாடியேறிய ஊர் அடுத்த முறை ஏறாது. உண்மைதான். ஆனால் மிதவைகள் சேதமாவதும், படகுகள் அவற்றில் கட்டப்பட்டுக் கருவிகள் கெடுவதும் உலகெங்கும் பதிவான செய்தி. பதில் வராமை அன்றாடம் நிகழ்வதாக இருக்கும்போது, அதை ‘அமைதி’ என்ற பெயரில் மறைத்து ஊரின் நம்பிக்கையைக் காப்பது கடனை மறைத்துக் கல்யாணம் செய்வது போன்றது.

எனக்கு உண்மையில் மனக்குறை எங்கள் துறையின்மீதுதான். ஷெட்யூலர் பற்றிய கட்டுரைகளில் சராசரி தாமதமும் ஒரு நொடிக்கு எத்தனை கோரிக்கை என்பதும் அட்டவணைகளாக வருகின்றன. இறந்த சர்வரை ‘இறந்தது’ என்று உணர எவ்வளவு நேரமாயிற்று என்ற நிரலை அதே அட்டவணையில் காண்பது அரிது. என் வரைவிலும் அது இல்லை. பச்சை விளக்கு எரிந்த அந்த இரவை, வன்பொருள் கோளாறு என்று சொல்லி முடிவுகளிலிருந்து விலக்கியிருந்தேன். என்னை எவரும் கேள்வி கேட்கவும் இல்லை. இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அதுவே.

இப்போது அந்த அத்தியாயத்தின் சோதனைகளை மீண்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சீரற்ற நேரங்களில் சர்வர்களை விடைபெறாமல் நிறுத்தியும், முதல் நிகழ்வு முடியுமுன் இரண்டாவதைப் புகுத்தியும். சராசரி தாமதம் முன்பைவிடக் கூடியிருக்கிறது. நெறியாளர் இன்னும் பார்க்கவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2012 ஏப்ரல் 11 அன்று கடலூர், நாகை, கன்னியாகுமரிக் கரைகளில் மாடியிலோ மேட்டிலோ நின்றிருந்தவர்கள் இருந்தால், இறங்கலாம் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள், எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். என் அம்மாவுக்கு எவரும் சொல்லவில்லை. இருட்டியது, அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது, இறங்கிவிட்டார்.