கல்விச் சோலை: பராநகர் மாந்தோப்பில்



மாதந்தோறும் இப்பகுதியில் நம் குடும்பத்துப் பிள்ளைகள் பெற்ற மதிப்பெண்களையும் பரிசுகளையும் பட்டியலிட்டு வாழ்த்துவது வழக்கம். இம்மாதப் பட்டியல் அடுத்த இதழுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. பரிசு பெற்ற பிள்ளைகளும், அவர்களைவிட ஆவலோடு காத்திருக்கும் தாய்மார்களும் பொறுத்தருள வேண்டும். காரணம் ஒரு கடிதம்.

லேக் மார்க்கெட் அருகே வாழும் நம் சங்கத்து அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள், பராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தின் நுழைவுத் தேர்வில் தேறியிருக்கிறாள். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பொறியியற் கல்லூரி ஒன்றிலும் இடம் கிடைத்திருக்கிறது. பெண் பராநகர் என்கிறாள். பாட்டி முதல் பெரியப்பா வரை ஏனையோர் அனைவரும் பொறியியல் என்கிறார்கள். "புள்ளி விவரம் படித்துவிட்டு வீடு வீடாகத் தலை எண்ணவா போகிறாள்?" என்று பெரியப்பா கேட்டாராம். என் கருத்தை அறிய விரும்புவதாக அன்பர் எழுதியிருக்கிறார்.

இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு தந்தை இதே கேள்வியை என்னிடம் கேட்டார். அந்நாளில் நான் பராநகரை ஒருமுறையேனும் எட்டிப் பார்த்ததில்லை. பாராமலே பதில் சொன்னேன். "பொறியியலே பிழைக்கும் வழி" என்றேன். அந்தப் பையன் அவ்வாறே படித்தான்; நல்ல வேலையில் இருக்கிறான்; குறை கூற ஒன்றுமில்லை. ஆயினும் சென்ற பூஜை விடுமுறையில் வந்தவன், பேச்சோடு பேச்சாக, "மாமா, அந்தக் கழகத்தை அப்போது நீங்கள் பார்த்திருந்தீர்களா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டே கேட்டான். எனக்கு நா எழவில்லை.

ஆகையால் இம்முறை நேரில் சென்று பார்த்துவிட்டே பதில் எழுதுவது என்று புறப்பட்டேன். 2021-ஆம் ஆண்டில் மெட்ரோ ரயில் தட்சிணேசுவரம் வரை நீண்ட பின்னர், காளிகாட்டில் ஏறினால் பராநகரில் இறங்கலாம். அங்கிருந்து ஆட்டோவில் சிறிது தூரம். பாரக்பூர் டிரங்க் சாலையில் லாரிகளின் இரைச்சல் காதைத் துளைக்கிறது. வாயிலைக் கடந்து உள்ளே சென்றால் குளமும் மரங்களும் அமைதியுமாக வேறோர் உலகம். நிறுவனர் பேராசிரியர் மகாலனோபிஸ் வாழ்ந்த இல்லத்திற்கு 'ஆம்ரபாலி' என்று பெயர். அப்பெயரை இட்டவர் கவி தாகூர்.

இக்கழகம் 1931-ஆம் ஆண்டில் பிரெசிடென்சி கல்லூரியின் பௌதிகப் பிரிவில் ஓர் அறையில் பிறந்தது. 1959-இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிப் பட்டம் வழங்கும் உரிமையை அளித்தது. மறு ஆண்டே பட்ட வகுப்புகள் தொடங்கின. இன்றும் இளநிலை வகுப்பில் சேர்வோர் சில பத்துப் பேர்தாம். பெரிய கல்லூரிகளில் ஒரு வகுப்பறைக்கே அந்த எண்ணிக்கை போதாது!

அனுமதி பெற்று நிலவியல் காட்சிச் சாலையையும் பார்த்தேன். எண்களைப் பயிலும் இடத்தில் ஒரு பேருருவத்தின் எலும்புக்கூடு நிற்கிறது! கோதாவரிப் பள்ளத்தாக்கில் இக்கழகத்தார் தோண்டியெடுத்த டைனோசார் அது. வங்க மொழியில் 'பெருங்கால்' என்று பொருள்பட, தாகூரின் பெயரையும் சேர்த்து 'பாராபாசாரஸ் டாகோரை' என்று 1975-இல் பெயர் சூட்டினார்கள். புள்ளியியலுக்கும் எலும்புக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். எல்லா அறிவியல்களும் ஒரே முற்றத்தில் உட்கார வேண்டும் என்பது மகாலனோபிஸின் எண்ணம். உயிரியல் மேதை ஹால்டேன் இங்கிலாந்தை விட்டு 1957-இல் இங்கு வந்து பணியாற்றியதும் அதனால்தான்.

இனிப் பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம்.

1940-ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் இராணுவத்தில் கணிதவியலாளர் வேலை தேடிக் கல்கத்தாவிற்கு வந்தார். வேலை கிடைக்கவில்லை. தங்கியிருந்த விடுதியில், இக்கழகத்தில் பயிற்சி பெற்றுவந்த தென்னிந்தியர் ஒருவரைச் சந்தித்தார். அவர் சொல்லக் கேட்டு 1941-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் இங்கே சேர்ந்தார். அவர்தாம் சி. ஆர். ராவ். சில ஆண்டுகளில் அவரே ஆசிரியராகி வகுப்பு நடத்தியபோது, பெருந்தொகையான மாதிரிகளுக்குப் பொருந்தும் ஒரு விதியைக் கூறினார். "சிறு மாதிரிகளுக்கும் இது பொருந்துமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். ஆசிரியர்கள் இத்தகைய கேள்வியை அடக்கிவிடுவதே உலக வழக்கம். ராவ் அன்றிரவே உட்கார்ந்து விடை கண்டார். 1945-இல் அச்சேறிய அவ்விடை இன்று உலகெங்கும் பாடநூல்களில் கிராமர்-ராவ் வரம்பு என்று வழங்குகிறது. 2023-ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே ஆகஸ்டு மாதத்தில், 102 வயதில் மறைந்தார்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதையொன்று உண்டு. 1959-இல் சென்னைப் பிரெசிடென்சி கல்லூரியில் ஆனர்ஸ் முடித்த ஓர் இளைஞர் இங்கே வந்தார். தொழிற்சாலைப் பொருள்களின் தரத்தைக் கணிக்கும் புள்ளியியலைக் கற்றுத் தொழில்துறையில் வேலைக்குப் போவதே அவர் நோக்கம். விடுதியிலும் நூலகத்திலும் அவருக்குச் சற்று மூத்த மாணவர்கள் இருந்தார்கள். கே. ஆர். பார்த்தசாரதி, ரங்கா ராவ், வெளிநாடு சென்று திரும்பிய வி. எஸ். வரதராஜன் ஆகியோர் அவர்கள். ஒரு புதிய நூலோ கட்டுரையோ கிடைத்தால் ஒருவர் படித்து மற்றவருக்குப் பாடம் சொல்வார். மறுநாள் மற்றவர் முறை. தரக் கட்டுப்பாட்டுக்கு வந்தவரைக் கணிதத்தின் பக்கம் இழுத்தவர்கள் இந்தத் தோழர்களே. ரஷ்யப் பேரறிஞர் கோல்மகோரோவ் 1962-இல் கழகத்திற்கு வந்தபோது, அவர் முன்னிலையில் அந்த இளைஞர் தம் ஆய்வை எடுத்துரைத்தார். அவர்தாம் எஸ். ஆர். எஸ். வரதன். 2007-ஆம் ஆண்டில் கணிதத்திற்குரிய ஆபெல் பரிசை நார்வே மன்னரிடமிருந்து பெற்றார்.

அவர் செய்தது என்ன? ஒரு நாணயத்தை ஆயிரம் முறை சுண்டினால் ஏறத்தாழ ஐந்நூறு முறை தலை விழும். தொள்ளாயிரம் முறை விழுவது அரிது, ஆயினும் முடியாததன்று. அந்த அருமையை அளந்து சொல்லும் பொதுமுறை வேண்டும். ஒரே ஆண்டில் எல்லோரும் இழப்பீடு கேட்டு வந்தால் காப்பீட்டு நிறுவனம் என்னவாகும் என்பதும் இவ்வகைக் கேள்விதான். அத்தகைய அரிய நிகழ்ச்சிகளுக்கு உறுதியான கணிதம் வகுத்ததே வரதனின் பெரும்பணி. தலை எண்ணுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பெரியப்பா அவர்களே அளந்துகொள்ளட்டும்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். இந்நகரத்துப் பெத்தூன் கல்லூரியில் படித்து, இங்கே ஆராய்ச்சி செய்து, இங்கேயே ஆசிரியராகவும் ஆன நீனா குப்தா, பல பத்தாண்டுகளாக விடை தெரியாதிருந்த ஒரு கணிதச் சிக்கலுக்கு விடை கண்டார். வளரும் நாடுகளின் இளம் கணித அறிஞர்களுக்கு நம் இராமானுஜன் பெயரால் வழங்கும் பரிசு 2021-இல் அவருக்குக் கிடைத்தது. பெண்ணுக்கு எதற்குக் கணிதம் என்று கடிதத்தின் ஓரத்தில் பாட்டியம்மாள் சொன்னதாக எழுதியிருந்ததே, அதற்கு இது போதும்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பாடம் கடினம். பள்ளியில் முதலிடமே பெற்றுப் பழகிய பிள்ளை இங்கே நடுவிடத்தில் நிற்க நேரும். அதைத் தாங்கும் மனம் வேண்டும். கணிதத்தில் உண்மையான பசி இல்லாதவரை, பெயருக்காக இங்கே அனுப்புவது கொடுமை. வேலையைப் பற்றிய அச்சம் வீண். வங்கியும் காப்பீடும் கணிப்பொறித் தொழிலும் இப்படிப்பினரைத் தேடிக்கொள்கின்றன. செலவைப் பற்றியும் ஒரு சொல். கல்விக் கட்டணம் வாங்காமல், மாணவர்க்கு உதவித்தொகையும் கொடுத்துப் படிக்க வைத்ததே இக்கழகத்தின் நெடுநாளைய மரபு. சேரும் ஆண்டின் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

திரும்பும்போது விடுதிப் படிக்கட்டில் இரண்டு மாணவர்கள் உட்கார்ந்து எதையோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் செங்கல் துண்டால் தரையில் கோடு போட்டான். மற்றவன் காலால் அழித்தான். நான் பத்து நிமிடம் நின்றேன். என்னை அவர்கள் கவனிக்கவேயில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் போகவிடாத பையனின் நினைவு வந்தது.

அன்பருக்குப் பதில் எழுதிவிட்டேன். முடிவு என்னுடையதன்று, பெண்ணையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை நேரில் சென்று பார்த்துவிட்டு அவள் சொற்படி செய்யுங்கள் என்று எழுதினேன். வருகிற சனிக்கிழமை மூவரும் போகிறார்கள். பெரியப்பாவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். நாள்தோறும் ரயிலில் போய்வருவதா, விடுதியில் சேர்வதா, விடுதியில் மீன் குழம்புக்கு நடுவே நம் பிள்ளைக்கு ரசம் கிடைக்குமா என்று அன்பரின் மனைவி தொலைபேசியில் கேட்டார்கள். ரசத்தைப் பற்றி விசாரிக்க மறந்துவிட்டேன். சனிக்கிழமை அவர்களே கேட்டு வரட்டும்.

அடுத்த இதழுக்குரிய மாணவர் பெயர்களை வழக்கம்போல் 10-ஆம் தேதிக்குள் அனுப்பி உதவுக. மதிப்பெண்ணோடு, பிள்ளைக்கு விருப்பமான பாடத்தையும் இம்முறை குறிப்பிடுக.