மஞ்சள் பெயிண்டும் நம்பர் பிளேட்டும்

ஓசூரில் இருந்து பெங்களூருக்கு தினமும் வேலைக்கும் படிப்புக்கும் போய் வருகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. செய்தியில் 'காவிரி' என்ற வார்த்தை வந்தால் போதும், முதலில் வண்டியின் நம்பர் பிளேட்டைத்தான் நினைப்பார்கள். டி.என். 70 ஆ, கே.ஏ. 51 ஆ?

அதற்குக் காரணம் இருக்கிறது. 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் கொளுத்தப்பட்டன. எல்லையில் பஸ்கள் நின்றுவிட, ஜனங்கள் பையும் மூட்டையுமாக ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே நடந்தார்கள். அதற்கு முன்பே, ஃபேஸ்புக்கில் கன்னட நடிகர்களைக் கேலி செய்தார் என்று ஒரு தமிழ் மாணவரை அடித்து மன்னிப்புக் கேட்க வைத்த வீடியோ எங்கும் சுற்றியது. தமிழ்நாட்டிலும் கர்நாடக வண்டிகள் தாக்கப்பட்டன. ஆகவே இதில் எந்தப் பக்கமும் யோக்கியம் பேச முடியாது.

'நீ எங்கள் ஆள்தான் என்று இப்போதே நிரூபி' என்று ஒரு கூட்டம் தனி மனிதனைக் கேட்பது புதிதல்ல. நூறு வருஷத்துக்கு முன்பு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு விவசாயியிடம் இதையே கேட்டார்கள். அவர் பெயர் ஜான் ஷ்ராக். ஓசூரில் அவரைத் தெரிந்தவர்கள் அதிகம் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஓசூருக்குத் தேவையான கதை அவருடையது.

ஷ்ராக் ஒரு மென்னோனைட். 16ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் வாழ்ந்த மென்னோ சைமன்ஸ் என்பவரின் பெயரால் அழைக்கப்படும் கிறிஸ்தவப் பிரிவு அது. விவரம் தெரிந்த வயதில்தான் ஞானஸ்நானம், சத்தியப் பிரமாணம் செய்யக் கூடாது, ஆயுதம் எடுக்கக் கூடாது... இவை அவர்களின் கொள்கைகள். இதற்காகவே அவர்கள் தேசம் தேசமாக அலைந்தார்கள். ரஷ்யாவில் பல தலைமுறைகள் நிம்மதியாக விவசாயம் செய்தார்கள். 1870களில் ஜார் அரசு எல்லோருக்கும் ராணுவ சேவையைக் கட்டாயமாக்க முடிவு செய்ததும், ஆயிரக்கணக்கானோர் வட அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். இன்று உக்ரைனில் இருக்கும் வோலினியாவில் இருந்து 1874ல் கான்சாஸ் வந்த குடும்பங்களில் ஒன்று ஷ்ராக்கினுடையது. அப்போது அவர் சிறுவன்.

கான்சாஸ் அவர்களை விரும்பித்தான் அழைத்தது. ரயில் கம்பெனிக்கு நிலம் விற்க வேண்டும், மாநிலத்துக்கு உழைப்பாளிகள் வேண்டும். மாநிலப் படையில் சேர வேண்டாம் என்று 1874லேயே சட்டத்தைத் திருத்திக் கொடுத்தார்கள். ரஷ்யாவில் இருந்து வந்தவர்கள் 'டர்க்கி ரெட்' என்ற கோதுமையைக் கொண்டு வந்தார்கள். இலையுதிர் காலத்தில் விதைத்து, கோடை வெயில் உச்சத்துக்கு வரும் முன்பே அறுத்துவிடலாம். வறண்ட கான்சாஸ் பின்னாளில் கோதுமை மாநிலம் என்று பெயர் வாங்கியதில் இந்த விதைக்குப் பெரிய பங்கு உண்டு. ஷ்ராக்கும் நல்ல விவசாயியாக வளர்ந்தார், சபைக்குப் போனார், குடும்பம் பெருகியது. நாற்பது வருஷத்துக்கு மேல் எல்லாம் சரியாகத்தான் போனது.

1917ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. மென்னோனைட்டுகள் பேசியது ஜெர்மன். எதிரி நாட்டு மொழியும் ஜெர்மன். அது போதாதா?

அப்போது அரசு போர்ச் செலவுக்காக 'லிபர்ட்டி பாண்டு' என்ற கடன் பத்திரங்களை விற்றது. காமர்ஸ் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாண்டு என்பது முதலீடு. முதல் வெளியீட்டுக்கு மூன்றரை சதவீத வட்டி, நான்காவதுக்கு நாலேகால். வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம் என்பதே சட்டம். நடைமுறையில் என்ன ஆனது? வாங்காதவன் துரோகி என்று ஊர் ஊராக முத்திரை குத்தினார்கள். கட்டாயம் நுழைந்த உடனே அது முதலீடு இல்லை, விசுவாசத்துக்கான அபராதம். துப்பாக்கி வாங்கப் பணம் கொடுப்பதும் துப்பாக்கி எடுப்பதும் ஒன்றுதான் என்று நினைத்த ஷ்ராக் வாங்கவில்லை.

1918 நவம்பர் 11. பர்ட்டன் என்ற சிற்றூரில் இருந்து கார்களில் ஒரு கூட்டம் அவர் பண்ணைக்கு வந்து அவரை ஊருக்குள் கொண்டு போனது. பாண்டு வாங்கு என்றார்கள். செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் சால்வேஷன் ஆர்மிக்கும் 200 டாலர் தருகிறேன் என்றார் அவர். கூட்டத்துக்கு அது போதவில்லை. தேசியக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தில் வரச் சொன்னார்கள். மறுத்தார். கையில் திணித்த கொடி கீழே விழுந்தது. கொடியை மிதித்துவிட்டான் என்று கூச்சல் கிளம்பியது. தலையிலும் தாடியிலும் மஞ்சள் பெயிண்டை ஊற்றித் தேய்த்தார்கள். அடுத்து தூக்குக் கயிறு. அவர் திருப்பி அடிக்கவில்லை.

இங்கே அந்தத் தேதியைக் கவனியுங்கள். நவம்பர் 11 என்பது போர் முடிந்த நாள்! அந்த ஊர்வலமே வெற்றிக் கொண்டாட்டம்தான். ஜெயித்தாகிவிட்ட போரின் பெயரால் ஒரு விவசாயியை ஏன் இழுத்து வர வேண்டும்? பணம்தான் நோக்கம் என்றால் 200 டாலரை வாங்கிக்கொண்டு விட்டிருப்பார்கள். கூட்டம் கேட்டது குனிந்த தலையை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை லேசாகத் தள்ள முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை போரில் செத்துக்கொண்டிருக்கும்போது, நாட்டின் நிலத்தையும் பாதுகாப்பையும் அனுபவிக்கிற ஒருவர் மட்டும் ஒதுங்கி நிற்கலாமா? பிள்ளையை இழந்தவருக்கு இந்தக் கோபம் வரும்தான். ஆனால் ஷ்ராக் பங்கு கொடுக்க மறுக்கவில்லை. கொல்வதற்குக் கொடுக்க மாட்டேன், காயத்துக்கு மருந்து போடக் கொடுக்கிறேன் என்றார். அப்படியும் அவர் செய்தது தப்பு என்றால் அதைச் சொல்ல வேண்டியது கோர்ட். நடுத்தெருவில் பெயிண்ட் டப்பாவோடு நிற்பவர்கள் இல்லை.

அவரைக் காப்பாற்றியவர் டாம் ராபர்ட்ஸ். குதிரைத் திருடர்களைப் பிடிக்க ஏற்பட்ட உள்ளூர் சங்கத்தின் தலைவர் அவர். ஷ்ராக்கை ஊர் ஜெயிலுக்குள் தள்ளி, கையில் துப்பாக்கியோடு வாசலில் நின்றார். என்னைத் தாண்டித்தான் அவரைத் தொட முடியும் என்ற அர்த்தத்தில் பேசினார். கூட்டம் பின்வாங்கியது. துப்பாக்கியே வேண்டாம் என்ற மனிதரைக் காப்பாற்றியது ஒரு துப்பாக்கிதான். இது மென்னோனைட் கொள்கைக்குச் சங்கடமான உண்மை. ஆனால் அரசுக்கும் அதில் பாடம் இருக்கிறது. தனி மனிதன் தன் மனசாட்சியோடு நிற்கலாம், அவனுக்குக் காவல் நிற்க வேண்டியது சட்டம்.

பிறகு வழக்கு வந்தது. பெயிண்ட் ஊற்றியவர்கள் மேல் இல்லை, ஷ்ராக் மேல்! கொடியை அவமதித்தார் என்று உளவுச் சட்டத்தின் கீழ் புகார். விச்சிட்டா நகரில் விசாரணை நடந்து, 1918 டிசம்பரில் குற்றம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்.

இனி ஓசூருக்கு வருவோம். மார்க்கெட்டில் தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேரம் நடக்கிற ஊர் இது. சிப்காட் வந்த பிறகு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் ஷிப்டு பஸ்ஸில் ஏறுகிறார்கள். காவிரிக் கலவரத்தில் நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பயந்த அதே ஊர், இன்று வேறு சிலருக்குப் பயம் தரக்கூடிய இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வட இந்தியத் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று 2023 மார்ச்சில் போலி வீடியோக்கள் பரவின. செய்தி பொய். ஆனால் அதைப் பார்த்தவர்களின் பயம் பொய்யில்லை.

ஆள் தேவைப்படும்போது கூப்பிடுவதும், கோபம் வரும்போது 'நீ யார்' என்று கேட்பதும் கான்சாஸில் நடந்தது, பெங்களூரில் நடந்தது. ஓசூரில் நடக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பர்ட்டனில் கூட்டமாகச் சேர அன்று நிறையப் பேர் இருந்தார்கள், ஜெயில் வாசலில் நிற்க ஒருவர்தான் இருந்தார். ஒரு ஷ்ராக் போல உறுதியாக இருப்பது எல்லோராலும் முடியாது. அந்த வாசலில் நிற்பது கொஞ்சம் முயன்றால் முடியும். அடுத்த முறை ஒரு வீடியோவை ஃபார்வர்ட் செய்ய விரல் போகும்போது, அந்த வாசலை நினைத்துக்கொண்டால் போதும்.