பயம் வராத ஜமீன் பங்களா

சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’ நாவலை ரசித்தவர்களுக்கு, 1981-ல் ஜி.என்.ரங்கராஜன் இயக்கிய அதன் திரைவடிவம் பெரிய ஏமாற்றம். நாட்டுப்பாடல் சேகரிக்கக் கிராமத்துக்கு வந்து, பாழடைந்த ஜமீன் வீட்டில் தங்கும் கல்யாணராமன்தான் நாவலின் கண்ணும் காதும். அவனுக்குக் கிராமத்துப் பெண் வெள்ளியின் சிரிப்பும் புரியாது, ஊராரின் மௌனமும் புரியாது. ராத்திரியில் மாடியில் கேட்கும் சத்தம் பேயா, மனுஷனா என்று அவன் குழம்பும்போது நாமும் சேர்ந்து குழம்புவோம். கொலை விழுவதற்கு வெகுமுன்பே வயிற்றில் ஒரு கலக்கம் வந்துவிடும்.

படத்தில் அந்தக் கலக்கம் வரவே இல்லை. பிரதாப் போத்தன், ஸ்ரீப்ரியா, மனோரமா என்று நடிகர்களுக்குக் குறைவில்லை. இளையராஜாவின் ‘ஏரியிலே எலந்த மரம்’ இன்றும் கேட்கத் தூண்டுகிறது. ஆனால் கிராமம் வெறும் பின்னணியாகவே நின்றுவிட்டது. ஒரு வீட்டைக் கண்டு பயப்பட வேண்டுமானால் அதன் இருட்டில் நம்மைக் கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும். படத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. துப்புகள் வருகின்றன, போகின்றன. எதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க நமக்கு அவகாசமே கிடைப்பதில்லை. ‘காயத்ரி’, ‘ப்ரியா’ படங்களிலும் சுஜாதா இப்படித்தான் கை நழுவிப் போனார். இருந்தும் இந்த இழப்புதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் அந்த நாவலை மறுபடி எடுத்துப் படிக்கிறேன். படத்தை இன்னொரு முறை பார்க்க மனசு வரவில்லை.